வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு: சின்னக் கணினியில் ஓர் அரட்டைப் பெட்டி

"நெட்டே இல்லாத வைஃபை எதுக்குங்க?"

உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி ஒன்றைக் காட்டி, டவரும் பிராட்பேண்டும் இல்லாமலே இதன் வழியாகப் பக்கத்தில் இருப்பவர்கள் செய்தி அனுப்பிக்கொள்ளலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்பவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். நம் பேச்சில் வைஃபை, நெட், டேட்டா மூன்றும் ஒன்றாகக் கலந்துவிட்டதுதான் காரணம். மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டால் இந்தப் பெட்டி எளிதில் புரிந்துவிடும்.

எனக்கு இதில் ஆர்வம் வந்தது ஒரு புயலுக்குப் பிறகு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன, டவர்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன, பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கானது. அம்மா வீடு மன்னார்குடிப் பக்கம். டிராக்டர் பேட்டரியில் எல்லோரும் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டோம். ஆனால் தெருக்கோடியில் இருந்த சித்தப்பா வீட்டுக்கு ஒரு தகவல் சொல்ல ஆள்தான் நடந்து போக வேண்டியிருந்தது. போன் இருக்கிறது, அதற்குள் ரேடியோ இருக்கிறது, சார்ஜும் இருக்கிறது. நாலு வீடு தள்ளி இருக்கும் இன்னொரு போனோடு அது ஏன் பேசவில்லை?

## லாட்ஜ் இன்டர்காம்

ஒரு லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அறையிலும் இன்டர்காம் போன். 203ஆம் அறையில் இருப்பவர் 305ஐ அழைக்கலாம், ரிசப்ஷனில் வெந்நீர் கேட்கலாம். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் ரிசப்ஷனில் சொல்லி வெளி லைன் வாங்க வேண்டும்.

தெருவில் யாரோ பள்ளம் தோண்டி வெளி லைன் அறுந்துவிட்டது. அறைக்கு அறை பேசுவது நிற்குமா? நிற்காது. அந்தக் கம்பிகள் கட்டடத்துக்குள்ளேயே ஓடுகின்றன.

வீட்டு வைஃபை இந்த இன்டர்காம் மாதிரி. போன், லேப்டாப், டிவி, பிரிண்டர் எல்லாவற்றையும் கம்பிக்குப் பதிலாக ரேடியோ அலையால் ஒன்றோடொன்று இணைக்கிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. இன்டர்நெட் என்பது வெளி லைன். ரூட்டர் என்ற பெட்டி இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதால்தான் நமக்கு அவை ஒன்றாகத் தெரிகின்றன. ஒரே இடத்தில் இருக்கும் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இந்த அமைப்புக்கு உள்ளூர் வலையமைப்பு என்று பெயர்.

நம்மில் பலர் இதைப் பெயர் தெரியாமலே பயன்படுத்தியிருக்கிறோம். 2020 ஜூனில் இந்தியாவில் தடை செய்யப்படும் வரை ஷேர்இட் செயலியில் படங்களும் பாட்டுகளும் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போய்க்கொண்டிருந்தன. டேட்டா ஒரு துளிகூடச் செலவாகாது. ஒரு போன் ஹாட்ஸ்பாட் ஆக, இன்னொரு போன் அதில் சேர்ந்துகொள்ளும். பிரவுசிங் சென்டரில் பக்கத்துப் பக்கத்துக் கணினியில் உட்கார்ந்து விளையாடியவர்களுக்கும் இது பழகிய விஷயம்.

## அப்படியென்றால் வாட்ஸ்அப் ஏன் ஓடுவதில்லை?

ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும் இருவர் வாட்ஸ்அப்பில் பேசினாலும், ஒவ்வொரு செய்தியும் முதலில் அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விட்டுத்தான் எதிரில் இருப்பவரின் போனுக்கு வருகிறது. எதிர்வீட்டுக்குப் போட்ட தபால் பெரிய ஊரின் பிரிப்பகத்துக்குப் போய்த் திரும்பி வருவது போல.

இதில் குற்றம் எதுவும் இல்லை. உலகின் எந்த மூலையில் இருப்பவரையும் தேடிக் கண்டுபிடிக்க அப்படி ஒரு நடு இடம் தேவைப்படுகிறது. ஆனால் அந்த நடு இடத்துக்கான பாதை அறுந்துவிட்டால், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவரும் கிடைக்கமாட்டார். சித்தப்பா வீட்டுக்கு ஆள் நடந்ததன் காரணம் இதுதான்.

சரி, அந்த நடு இடத்தை ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டால்? அரட்டைப் பெட்டி அந்த வேலையைத்தான் செய்கிறது.

இதுவரை பார்த்தது: வைஃபை உள் இணைப்பு, இன்டர்நெட் வெளி லைன். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் அரட்டைச் செயலிகளின் சர்வர் வெளி லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதை இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டால் வெளி லைன் தேவையில்லை.

## பந்தியில் பரிமாறுபவர்

சர்வர் என்றால் பெரிய குளிர் அறையில் அடுக்கி வைத்த இரும்புப் பெட்டிகள் என்று ஒரு படம் மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் சர்வர் என்பது ஒரு வேலையின் பெயர். கேட்பவருக்குக் கேட்டதைக் கொடுக்கும் எந்தக் கணினியும் சர்வர்தான். ஓட்டலில் நாம் சர்வர் என்று அழைப்பவரும் அதைத்தான் செய்கிறார். கேட்டு வாங்கும் பக்கத்துக்கு கிளையண்ட் என்று பெயர். இங்கே நம் போன்தான் கிளையண்ட்.

சாதாரண இணையப் பக்கம் ஓட்டல் மாதிரி. கூப்பிட்டால் சர்வர் வருவார், கொடுப்பார், போய்விடுவார். அரட்டைக்கு இது போதாது. யாரோ ஒருவர் செய்தி எழுதியதும், கேட்காமலே அது எல்லார் போனிலும் வந்து விழ வேண்டும். அது கல்யாணப் பந்தி மாதிரி. வாளியோடு ஒருவர் வரிசையில் போய்க்கொண்டே இருக்கிறார், ஓர் இலை விடாமல் பரிமாறுகிறார். அரட்டைச் சர்வரும் ஒவ்வொரு போனோடும் இணைப்பைத் திறந்தே வைத்திருந்து, ஒரு செய்தி வந்ததும் அந்த அரட்டையில் இருக்கும் எல்லாருக்கும் ஆளுக்கொரு நகல் போட்டுவிடுகிறது.

இதற்கு அசுர பலம் தேவையில்லை. தமிழ் யூனிகோடில் ஓர் எழுத்துக்குறி 3 பைட் பிடிக்கும். 'கொ' மாதிரி மெய்யெழுத்தின் உருவும் உயிர்க்குறியும் சேர்ந்த எழுத்து 6 பைட். ஐம்பது எழுத்தில் ஒரு செய்தி என்றால் 300 பைட்டை ஒட்டி வரும். போனில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்தின் அளவில் இப்படிப்பட்ட செய்திகள் ஆயிரக்கணக்கில் அடங்கிவிடும்.

## பெட்டிக்குள் நடப்பது என்ன

மறுபடியும் லாட்ஜுக்கு வருவோம். நீங்கள் உள்ளே நுழைந்ததும் மூன்று காரியங்கள் நடக்கின்றன.

முதலில் கதவு திறக்கிறது. பெட்டி தன் பெயரை ரேடியோவில் அறிவித்துக்கொண்டே இருக்கும்; உங்கள் போனின் வைஃபை பட்டியலில் தெரிவது அந்தப் பெயர்தான். பாஸ்வேர்டு சரியாக இருந்தால் உள்ளே விடும். இந்த வாசல் வேலைக்கு அணுகுமுனை என்று பெயர். போனில் நாம் போடும் ஹாட்ஸ்பாட்டும் அணுகுமுனைதான்.

அடுத்து ரிசப்ஷனில் அறை எண் கொடுக்கிறார்கள். வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் வேண்டும், அதற்கு ஐ.பி. முகவரி என்று பெயர். நான்கு எண்கள், நடுவில் புள்ளி, எடுத்துக்காட்டாக 10.42.0.1. பத்தில் தொடங்கும் முகவரிகளும் 192.168 என்று தொடங்குபவையும் உள்ளூர் உபயோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. எல்லா லாட்ஜிலும் 203ஆம் அறை இருக்கலாம், குழப்பம் வராது. வந்து சேரும் ஒவ்வொரு போனுக்கும் காலியாக உள்ள ஓர் எண்ணைத் தானாக எடுத்துக் கொடுக்கும் முறையை டிஎச்சிபி என்பார்கள்.

மூன்றாவது, உள்ளே போய் யாரைப் பார்ப்பது? ஒரே கணினியில் பல சேவைகள் ஓடலாம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுன்டர் எண் உண்டு. அதற்கு போர்ட் என்று பெயர். பிரவுசரில் 10.42.0.1:9000 என்று அடித்தால், அந்த முகவரியில் இருக்கும் கணினியின் 9000ஆம் கவுன்டர் என்று பொருள். அங்கே அரட்டைச் சர்வர் காத்திருக்கும்.

வாசல், அறை எண், கவுன்டர், அங்கே பரிமாறுபவர். முழு அமைப்பும் இவ்வளவுதான்.

## எந்தக் கணினி?

பழைய லேப்டாப்பே போதும். ஆனாலும் பலரும் ராஸ்பெர்ரி பை வாங்குகிறார்கள், நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். 2012இல் பிரிட்டனில் மாணவர்களுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் நோக்கத்தோடு வந்த மலிவு விலைக் கணினி அது. அதன் சின்னத் தம்பியான ஸீரோ 2 டபிள்யூ 2021 அக்டோபரில் 15 டாலர் விலையில் வெளியானது. இங்கே வாங்கும்போது கூடுதலாகும். 65 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம், 512 எம்பி ரேம், உள்ளேயே வைஃபை. ஹார்ட் டிஸ்க் கிடையாது. மெமரி கார்டில்தான் எல்லாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதன் சிக்கனம். 10,000 மில்லிஆம்ப்-மணி பவர் பேங்க் ஒன்று அரை நாளுக்குக் குறையாமல் இதை ஓட்டுகிறது. சில பவர் பேங்குகள் இழுக்கும் மின்சாரம் குறைவாக இருந்தால், போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று நினைத்துத் தாமாக அணைந்துவிடும். தேவை வருவதற்கு முன்பே ஒரு முழு இரவு ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

## எந்த மென்பொருள்?

1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினன் எழுதிய ஐஆர்சி என்ற அரட்டை முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. அன்றைய மெல்லிய இணைப்புகளுக்காக எழுதப்பட்டதால் மிக எளிமையானது, சின்னக் கணினிக்குப் பொருத்தமானது. என்ஜிஐஆர்சிடி என்ற குட்டிச் சர்வர் நிரலை நிறுவி, அதன் முன்னால் தி லவுஞ்ச் என்ற பிரவுசர் முகப்பை வைத்தால் போதும். இரண்டும் இலவசம், மூலநிரல் திறந்தவை. வருகிறவர் எந்தச் செயலியையும் நிறுவ வேண்டியதில்லை. பிரவுசரில் முகவரியை அடித்தால் அரட்டை திறக்கும். டவர் இல்லாத இடத்தில் பிளே ஸ்டோர் திறக்காது என்பதால், எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

தி லவுஞ்சில் ஆளுக்கொரு கணக்கு வைக்கும் முறையும் உண்டு, யார் வேண்டுமானாலும் நுழையும் முறையும் உண்டு. முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். போன் திரை அணைந்தாலும் அவருடைய இடத்தை அது பிடித்து வைத்திருக்கும், திரும்பி வந்ததும் விட்டுப்போன செய்திகளைக் காட்டும்.

தமிழில் எழுதுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐஆர்சியில் ஒரு வரிக்கு, அனுப்புநர் விவரத்தோடு சேர்த்து, 512 பைட்தான் எல்லை. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு 1 பைட் என்பதால் அது தாராளம். நமக்கு 3 பைட். நூற்றைம்பது குறிகளைத் தாண்டுவதற்குள் இடம் தீர்ந்து, நீண்ட செய்தி துண்டு துண்டாகப் போகும். சின்னச் சின்ன வாக்கியமாக அனுப்பப் பழகினால் தொந்தரவு இல்லை. நீளமாக எழுதியே ஆக வேண்டும் என்பவர்கள் 1999இல் ஜாபர் என்ற பெயரில் தொடங்கிய எக்ஸ்எம்பிபி முறையைப் பார்க்கலாம். அதற்குப் புரோசடி என்ற எடை குறைந்த சர்வர் நிரல் இருக்கிறது. ஆனால் போனில் அதற்கான செயலி முன்கூட்டியே இருக்க வேண்டும்.

## வேலையின் வரிசை

பலர் தடுக்கி விழும் இடம் இது. இன்டர்நெட் இல்லாமல் ஓடப்போகும் பெட்டியைத் தயார் செய்ய இன்டர்நெட் வேண்டும். மென்பொருள்களை இறக்குவது, நிறுவுவது, சோதிப்பது எல்லாவற்றையும் வீட்டு இணைப்பில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். ஸீரோ 2 டபிள்யூவில் ஒரே ஒரு வைஃபை ரேடியோதான். அது ஹாட்ஸ்பாட்டாக மாறியதும் வீட்டு வைஃபையிலிருந்து விலகிவிடும், எதையும் இறக்க முடியாது. ஆகவே ஹாட்ஸ்பாட் மாற்றம் கடைசி வேலை.

ராஸ்பெர்ரி பையின் இன்றைய இயங்குதளத்தில் நெட்வொர்க் மேனேஜர் என்ற பகுதி இருக்கிறது. ஹாட்ஸ்பாட் வேண்டும் என்று ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் வாசல் வேலையையும் அறை எண் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். வழக்கமாகப் பெட்டிக்கு 10.42.0.1 என்ற முகவரியை வைக்கும். கணினி எழுந்ததும் ஹாட்ஸ்பாட்டும் அரட்டைச் சர்வரும் தானாக எழும்படி அமைத்துவிடுங்கள். இருட்டில், பதற்றத்தில், கட்டளைகள் அடித்துக்கொண்டிருக்க முடியாது.

## போன் பிடிக்கும் அடம்

எல்லாம் சரியாக அமைத்து முதன்முதலில் சோதித்த அன்று எனக்குப் பக்கம் திறக்கவே இல்லை. பெட்டியைக் கழற்றி மாட்டி இரண்டு மணி நேரம் போனது. கோளாறு போனில் இருந்தது.

வைஃபையில் சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு போன் கூகுளின் ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும். ஐபோன் ஆப்பிளின் முகவரியைத் தட்டும். பதில் வரவில்லை என்றால் 'இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை' என்று அறிவிக்கும். பல ஆண்ட்ராய்டு போன்கள் அதோடு நிற்காமல், வைஃபையில் இருந்துகொண்டே கோரிக்கைகளை மொபைல் டேட்டா வழியாக அனுப்பத் தொடங்கிவிடும். நாம் 10.42.0.1 என்று அடித்தால் அது டவர் பக்கம் போய்த் தேடும். அங்கே அப்படி ஒன்று இல்லை.

மருந்து எளிது. மொபைல் டேட்டாவை அணைக்க வேண்டும். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் இணைந்திருக்கவா என்று போன் கேட்டால் ஆம் என்று சொல்ல வேண்டும். முகவரிக்கு முன்னால் எச்டிடிபி (http://) முன்னொட்டையும் சேர்த்து அடிப்பது நல்லது. இல்லாவிட்டால் சில பிரவுசர்கள் அதைத் தேடல் சொல் என்று எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று. பக்கத்தை மூடிவிட்டால் 'டிங்' என்று அறிவிப்பு வராது. வழக்கமான செயலிகளின் அறிவிப்புகள் கூகுள், ஆப்பிள் நிறுவனங்களின் சர்வர் வழியாக வந்து போனை எழுப்புகின்றன. அந்த எழுப்பும் ஆள் இங்கே இல்லை. அவ்வப்போது திறந்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

## எவ்வளவு தூரம், எத்தனை பேர்

ஸீரோ 2 டபிள்யூ பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். அதற்கு இந்தியாவில் உரிமம் வாங்க வேண்டியதில்லை. திறந்த வெளியில் சில பத்து மீட்டர் எட்டும். தடித்த சுவர்கள் குறுக்கே வந்தால் ஓரிரு அறைகளோடு சரி. ஒரு கூடம், ஒரு மொட்டைமாடி, இரண்டு மூன்று வீடுகள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராமத்தை இது மூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெட்டியை உயரத்தில், இரும்புப் பீரோவுக்குத் தள்ளி வைப்பது கண்கூடான வித்தியாசம் தருகிறது.

உள்ளே இருக்கும் சின்ன ரேடியோவால் ஏழெட்டுப் பேரை நிம்மதியாகத் தாங்க முடிகிறது. நிவாரண முகாம், பள்ளி வகுப்பு என்று கூட்டம் பெரிதானால் பரணில் கிடக்கும் பழைய ரூட்டரை எடுங்கள். பிராட்பேண்ட் கம்பி சொருகாத ரூட்டரும் வாசலாக நன்றாக வேலை செய்யும். கணினியை அதில் ஒரு கிளையண்டாகச் சேர்த்துவிட்டுப் பரிமாறும் வேலையை மட்டும் அதனிடம் விட்டுவிடலாம். அப்போது முகவரியை ரூட்டர் கொடுக்கும் என்பதால், பெட்டிக்கு எப்போதும் ஒரே எண் கிடைக்கும்படி ரூட்டரில் குறித்து வைக்க வேண்டும்.

## இன்டர்நெட் இல்லையென்றால் ரகசியமா?

இதுதான் நான் அதிகம் கேட்கும் தவறான நம்பிக்கை. வெளியூர்க்காரர் எட்டிப் பார்க்க முடியாது என்பது உண்மை. ஆனால் பெட்டியை வைத்திருப்பவர் எல்லாச் செய்திகளையும் படிக்க முடியும். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி பூட்டும் முறைக்கு முனைக்கு முனை குறியாக்கம் என்று பெயர். வாட்ஸ்அப்பில் அது இருக்கிறது, இந்த எளிய அமைப்பில் இல்லை. அதே பாஸ்வேர்டை வைத்திருக்கும் விவரமான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கவும் வழி இருக்கிறது. ஆகவே இதைத் திண்ணைப் பேச்சாக நினையுங்கள். அரிசி எங்கே கிடைக்கிறது, யாருக்கு மருந்து வேண்டும், தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு என்பதற்கெல்லாம் இது அருமையான இடம். வங்கிக் கணக்கு எண்ணுக்கு அல்ல.

பிரவுசருக்கும் பெட்டிக்கும் இடையே ஓடுவது பூட்டில்லாத எச்டிடிபி இணைப்பு என்பதால், பிரவுசர் 'பாதுகாப்பற்றது' என்றும் காட்டும். அப்படிப்பட்ட பக்கங்களுக்கு மைக்கையும் கேமராவையும் பிரவுசர் திறந்துவிடாது. குரல் அழைப்பு, வீடியோ அழைப்பு இந்த எளிய வடிவத்தில் கிடையாது, எழுத்து மட்டும்தான்.

## கடிகாரமும் மெமரி கார்டும்

இந்தக் கணினிக்குள் கடிகாரப் பேட்டரி இல்லை. இன்டர்நெட்டில் கேட்டுத்தான் நேரம் தெரிந்துகொள்ளும். இன்டர்நெட் இல்லாமல் எழுந்தால், கடைசியாக அணைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். மூன்று நாள் அலமாரியில் கிடந்த பெட்டியை ஓட்டினால் செய்திகளில் மூன்று நாள் பழைய தேதி விழும். 'இன்று மாலை டாக்டர் வருகிறார்' என்ற செய்தியில் தேதி தவறினால் அது சின்னப் பிழை அல்ல. ஒவ்வொரு முறையும் கையால் நேரம் திருத்தலாம், அல்லது டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லு பொருத்திய சின்ன அட்டையை வாங்கி இணைக்கலாம். நான் இரண்டாவதைச் செய்தேன்.

மின்சாரத்தைச் சடக்கென்று பிடுங்கினால் மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நின்று, அடுத்த முறை கணினி எழாமலே போகலாம். முறையாக அணைத்துவிட்டுப் பிடுங்குங்கள். எல்லாம் நன்றாக ஓடும் நாளில் கார்டை அப்படியே இன்னொரு கார்டுக்கு நகல் எடுத்துப் பெட்டியோடு வைத்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு துண்டு அட்டை. அதில் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பிரவுசரில் அடிக்க வேண்டிய முகவரி, 'மொபைல் டேட்டாவை அணைக்கவும்' என்ற ஒரு வரி, நான்கையும் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறேன். போன மழையில் இரவு முழுக்கக் கரண்ட் இல்லாதபோது பக்கத்து வீட்டு அக்கா, அவருக்கென்று முன்பே தொடங்கி வைத்திருந்த கணக்கில், அந்த அட்டையைப் பார்த்தே உள்ளே வந்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர் எழுதிய முதல் செய்தி, "மெழுகுவத்தி இருக்கா?"